உயர்த்திக் காட்டிய ஒளி

ஒளியியல் ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லாரும் இருட்டக்கா என்றே கூப்பிட்டார்கள். ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடிய அறையில்தான் அவள் இளமை கழிந்தது. சேரும்போது அவளும் கணவனும் ஒரே படிப்பு, ஒரே பதவி. ஒருவர்தான் மேலே போகலாம் என்றானபோது அவள் விட்டுக்கொடுத்தாள். இப்போது அவன் பேராசிரியர்; அவன் சோதனைகளை நடத்துபவள் அவள்.

இரண்டு கண்ணாடிப் பட்டகங்கள், நடுவே மயிரிழையைவிட மெல்லிய இடைவெளி. கண நேரமே நீளும் ஒளித்துடிப்பு முதல் பட்டகத்திலேயே திரும்பிவிட வேண்டும். ஆனாலும் துளியளவு அந்த இடைவெளியைக் கடந்துவிடும். அப்படிக் கடந்த துடிப்பின் உச்சி, கூடவே தடையில்லாமல் அனுப்பிய இன்னொரு துடிப்பின் உச்சியைவிட முன்னால் வந்து நின்றது. ஒளியையே முந்திய ஒளி என்று பத்திரிகைக்காரர்களை அழைத்துவிட்டான் கணவன்.

கடந்துவருவது மிக மங்கல் என்பதால், திரையின் வரைபடத்தில் அதை மற்றதன் உயரத்துக்குப் பெருக்கிக் காட்டுவது அந்தக் கூடத்தின் வழக்கம். கூட்டத்துக்கு முந்தின நாள் அவள் அதை நிஜ உயரத்துக்கு இறக்கிப் பார்த்தாள். மற்ற துடிப்பின் ஏறுசரிவுக்கு அடியிலேயே அந்தச் சின்ன மேடு முழுசாக அடங்கிக் கிடந்தது. துடிப்பின் முன்பகுதியில் கொஞ்சம் தப்பிவந்திருந்தது. பின்பகுதி ஏறக்குறைய எல்லாமே திரும்பிப் போயிருந்தது. அதனால்தான் உச்சி முன்னால் தெரிந்தது. எதுவும் எதையும் முந்தவில்லை.

"என்னங்க, நாளைக்கு இதையும் சேத்துக் காட்டிடுங்க."

"ஊரக் கூட்டியாச்சு. இப்ப வந்து வாய வைக்காத."

"பொய்யாயிடுமேங்க."

"உனக்கு வயித்தெரிச்சல். நீ உக்கார வேண்டிய நாற்காலில நான் உக்காந்திருக்கேன்ல."

ஒருநாளும் அவள் நினைத்திராத சொல் அது.

மறுநாள் அரங்கத்தின் கடைசி வரிசையிலிருந்து, ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியையான ஒரு பெரியம்மா எழுந்தார். "தம்பி, ரெண்டையும் உள்ள உயரத்துலயே காட்டுங்களேன்."

அவன் சிரித்தான். "அளந்தது என் மனைவிதான். அவங்களே சொல்லுவாங்க."

அவள் காப்பாற்றிவிடுவாள் என்று நம்பினான். இத்தனை வருஷமும் அதைத்தானே செய்தாள்? அவள் திரையிலிருந்த மேட்டை நிஜ உயரத்துக்கு இறக்கினாள்.

"முந்தினது ஒளி இல்லப்பா, ஐயாவோட வாய்," என்றார் யாரோ. அரங்கம் சிரித்தது.

அவன் ஒலிவாங்கியை நெருங்கினான். "இவங்க செஞ்ச தப்ப நான் கவனிக்காம விட்டுட்டேன். மன்னிக்கணும்."

அவளைத் திரும்பிப் பார்க்காமலே காரில் ஏறிப் போனான்.

அவள் கறுப்புத் துணி அறைக்குப் போனாள். பட்டகங்களைத் துடைத்து மூடினாள், லேசரை அணைத்தாள். வெளியே வந்து கதவைப் பூட்டியபோதுதான் நினைவு வந்தது. வீட்டுச் சாவி அவனிடம் இருந்தது.