மூன்றாம் அறிவித்தல்

யாழ்ப்பாணத்துக் கடலோரக் குருநகரில் சிமியோனின் வீட்டுக்குக் கமராப் பூட்டியவன் மகன் றொகான். மனைவி இறந்தபிறகு தனித்திருக்கும் தகப்பன் தடுக்கி விழுகிறாரா, மருந்து போடுகிறாரா என்று டொரன்டோவில் இருந்தபடி பார்ப்பதற்காக. சாப்பாட்டுக்கு மேர்சியை ஒழுங்கு செய்தவனும் அவனே. இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்த விதவை. ஆகவே சம்பந்தம் பேசி வைத்தவன் றொகான்தான் என்று சொன்னால் அவன் கோபிப்பான். உண்மை அதற்காக மாறாது.

சோற்றை வைத்துவிட்டுப் போகிற பழக்கம் மேர்சிக்கு இல்லை.

"மீன் தலையை விட்டிட்டு எழும்புறியளே, குருநகரான் எண்டு வெளியிலை சொல்லிப் போடாதேங்கோ அண்ணை."

"ஐஸ் பக்டரியிலை இருந்தவன் நான். எனக்கு மீனை விறைக்க வைக்கத்தான் தெரியும்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு வருடக்கணக்காகக் கமராவில் விழுந்தது. டொரன்டோவில் ஒருவரும் கவலைப்படவில்லை. சிமியோன் ஒழுக்கமாக நடக்க முடிவெடுத்தபோதுதான் பிரச்சினை தொடங்கியது.

"அப்பா, அவ வரட்டும், இருக்கட்டும், கதைக்கட்டும். ஆர் வேண்டாமெண்டது? கலியாணம் என்னத்துக்கு?"

"கட்டாமல் இருக்கிறதோ?"

"அதுக்கென்ன?"

"அதுக்கொண்டுமில்லை. நீ இருக்கிறாய்தானே."

றொகான் ஒரு பெண்ணோடு பல வருடங்களாகக் கலியாணம் கட்டாமலே குடும்பம் நடத்துகிறான். கலியாணப் பதிவு எழுதிவிட்டார்கள் என்று ஊருக்குச் சொல்லி வைத்திருந்தவர் சிமியோன். அந்தப் பொய்யை அவர் பாவசங்கீர்த்தனத்திலும் சொன்னதில்லை.

"நான் இருக்கிறது கனடாவிலை, அப்பா. நீங்கள் கட்டினால் எங்கடை சனம் சிரிக்கும்."

எங்கள் சனத்தில் பாதி இப்போது அங்கேதான். ஊர்க் கட்டுப்பாடும் குளிருக்குள் வைத்தால் நெடுநாள் பழுதாகாது போலும்.

மேர்சிக்கு வேறு கவலை. "இவ்வளவு காலமும் அண்ணை எண்டிட்டன். இனி என்னெண்டு கூப்பிடுறது?"

"இஞ்சாருங்கோ எண்டு."

"சீ, வெக்கங்கெட்ட மனிசன்." மறுநாள் நண்டுக்குழம்பு வந்தது.

கத்தோலிக்கக் கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் இருவரின் பெயரும் அறிவித்தலாக வாசிக்கப்படும். தடை அறிந்தவர்கள் சொல்ல வேண்டும். வெளிநாட்டிலிருக்கும் பங்கு மக்களுக்காகப் பூசை இப்போது முகநூலில் நேரலையாகவும் போகிறது. முதல் ஞாயிறு கோயிலுக்குள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நேரலைக்குக் கீழே றொகான் எழுதினான்: "செத்துப்போன என்ரை அம்மாவை அவமானப்படுத்த வேண்டாம்." சுவிஸிலிருந்த மேர்சியின் மகள் லவீனா அதற்கு லைக் போட்டாள்.

பங்குச் சுவாமி சட்டம் தெரிந்தவர். "முகநூலிலை எழுதினது தடையில்லை, சிமியோன். திருச்சபை உங்களை மறிக்காது."

மறித்தது திருச்சபை அல்ல. இரண்டாம் ஞாயிறு பின்னேரம் மேர்சி வந்து கேற்றுக்கு வெளியே, கமராவுக்குப் படாத பக்கமாக நின்றாள்.

"லவீனா என்னை புளொக் பண்ணிப் போட்டாள்."

"கோவம் ஆறும்."

"உங்கடை மகனுக்கு ஆறும். அவனுக்கு உந்தக் கமராவைப் பாக்காமல் இருக்கேலாது. எனக்கு அவள் ஒருத்தி. கிழமைக்கு ஒருக்கா அவளின்ரை முகத்தைப் போனிலை பாக்கிறதுதான் எனக்கு மிச்சம். சுவாமியிட்டைச் சொல்லி நிப்பாட்டுங்கோ."

"நீயே சொல்லன்."

"சொல்லப் போனால் அழுதிடுவன். பிறகு எனக்கு விருப்பம் எண்டு சுவாமி நினைப்பார்."

சிமியோன் சொல்லவில்லை. ஒரு கிழமைக்குள் ஒரு மனம் மாறலாம் என்று கணக்குப் போட்டார். அந்தக் கிழமை முழுவதும் சாப்பாடு ஒரு கடையிலிருந்து மோட்டார்சைக்கிளில் வந்தது. றொகான் ஒழுங்கு செய்திருந்தான். ருசியில் குறை சொல்ல முடியாது.

மூன்றாம் ஞாயிறு பெயர்கள் வாசிக்கப்பட்டன. தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்று சுவாமி வழக்கம்போல ஒரு கணம் நிறுத்தினார். சிமியோன் பெண்கள் பக்கம் பார்த்தார். மேர்சி விடியப்பூசைக்கே வந்து போயிருந்தாள்.

அவர் எழுந்து நின்றார்.

"சுவாமி, ஒரு தடை இருக்கு."

பக்கத்திலிருந்த கூட்டாளி கொலின்ஸ் அவரது சேட்டுக் கையைப் பிடித்து இழுத்தார். "இரும் ஐசே! உம்மடை பேரைத்தான் வாசிச்சவை!"

"ஓம், அதுதான் எழும்பினனான்." சுவாமியின் பக்கம் திரும்பினார். "பொம்பிளைக்கு விருப்பமில்லை."

மாப்பிள்ளையே தடை சொன்னால் என்ன செய்வதென்று சுவாமியின் புத்தகத்தில் இல்லை. அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அடுத்த அறிவித்தலை வாசித்தார்: வரும் சனிக்கிழமை சேமக்காலையில் சிரமதானம், கல்லறைகளைச் சுற்றிப் புல்லு வெட்ட வேண்டும், குடும்பத்துக்கு ஒருவராவது வரவேண்டும்.