வாரப்பட்ட தலை

செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு, கதிரேசன் அவர்கள் மாரடைப்பால் காலமான செய்தி எங்கள் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வந்தது. பத்தரைக்குள் அலுவலகம் ஒரு பெரும் முடிவை எடுத்தது: பத்திரிகையில் வரும் இரங்கல் படத்தில் அவருடைய தலையை வாரிவிடுவது.

எங்கள் ஆவணங்களை இருபத்தாறு ஆண்டுகள் மொழிபெயர்த்தவர். மனைவி மக்கள் இல்லை. காலையில் ஹெல்மெட்டைக் கழற்றியதும் எழுந்து நிற்கும் அவர் முடி மாலைவரை உட்காராது. புதிதாக வந்த மேலாளர் சாந்தி அக்கா, தோற்றம் ‘டிஷெவல்ட்’, அதாவது கலைந்து கிடக்கிறது என்று குறிப்பிட்டு, ஒருமுறை அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். கதிரேசன் அண்ணன் அதை என் மேசைக்குக் கொண்டுவந்தார்.

“சரியான சொல்லத்தான் போட்டிருக்காங்க தம்பி. பழைய பிரெஞ்சு. முடிங்கிற சொல்லு உள்ளயே இருக்கு. தலைய மூடாம, முடிய அவுத்துவிட்டு வர்றவங்களத்தான் முதல்ல அப்படிச் சொன்னாங்க. சட்ட கசங்கினதெல்லாம் பின்னால சேர்ந்தது.”

“சட்டையும் கசங்கித்தான் இருக்கு அண்ணே.”

“அதுக்குத் தனி லெட்டர் வரட்டும் லா.”

சீப்பை நீட்டினேன். “வாரினா சூலியா தெருவுல எவனுக்கு என்னைய அடையாளம் தெரியும்?” என்றார்.

உண்மைதான். மதிய இடைவேளையில், அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தத் தெருவின் தேநீர்க் கடையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் அரசாங்கப் படிவங்களை நிரப்பிக் கொடுப்பார். அவர்களுக்கு அவர் ‘முடி அண்ணே’. பெயர் யாருக்கும் தெரியாது.

புதன் மதியம் இரண்டு மணிக்குத் தகனம். கடைக்கு வந்துபோகிற அத்தனை பேருக்கும் யார் போய்ச் சொல்வது? எல்லாரையும் எனக்கும் தெரியாது. அந்த இரங்கல் படம்தான் சொல்ல வேண்டும். நான்கு மணிக்குள் அதைப் பத்திரிகைக்கு அனுப்பியாக வேண்டும். கணினி முன்னால் உட்கார்ந்து படத்தைத் திறந்தேன்.

“அடையாளம் தெரியாமப் போயிடுமே அக்கா.”

“கடைசிப் படம் தம்பி, மரியாதையா இருக்கட்டும். அதான் கீழ பேர் போடறோமே லா.”

பன்னிரண்டு நிமிடத்தில் வாரி முடித்தேன். புதன் காலைப் பத்திரிகையில் அவர் ஒரு வங்கி அதிகாரியைப் போல இருந்தார். மதியம் தகனக் கூடத்தில், பெட்டிக்குள் முடி எழுந்தே நின்றது. அங்கே யாரும் கைவைக்கவில்லை. போய் வாருங்கள் அண்ணே, என்றேன். அலுவலகத்திலிருந்து ஆறு பேர் வந்திருந்தோம். வேறு யாரும் வரவில்லை.

வியாழன் மதியம் தேநீர்க் கடையில் ஒருவர் படிவத்தோடு காத்திருந்தார். கடைக்காரர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: “முடி அண்ணே எங்க தம்பி, மூணு நாளா ஆளையே காணோம்?”