போட்டு வைத்த இடம்

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இது என் உடம்பில் நடந்தது. ராத்திரியில்கூட இல்லை. பட்டப்பகலில், நூறு பேர் இருந்த ரயிலில்.

என் பெயர் ஜெனி. தாம்பரத்தில் ஒரு பள்ளியில் டீச்சர். வீடு கிண்டியில். அப்போது எனக்கு ஐந்தாம் மாதம். எதை மோந்தாலும் வயிற்றைப் புரட்டும். அந்தச் சனிக்கிழமை அரைநாள் பள்ளி முடிந்து, மதியம் 1.40 கடற்கரை வண்டியில் ஏறினேன். பழைய பெட்டி. அடியில் கம்ப்ரஸர் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. லேடீஸ் பெட்டி முழுக்க வியர்வை நாற்றம், வாடிய மல்லி, ஜன்னல் கம்பியில் யாரோ துப்பிய வெற்றிலை எச்சில்.

ஜன்னலோரம் ஒரே ஓர் இடம் காலி. அதன்மேல் ஒரு கர்சீப்.

எங்கள் லைனில் இது வழக்கம். வண்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியாகக் கர்சீப்பை எறிந்து இடம் போடுவார்கள். போட்ட இடத்தில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். ஆனால் வண்டி கிளம்பிவிட்டது, இடம் போட்டவளைக் காணோம். எனக்கோ இடுப்பு விட்டுப்போனது.

கர்சீப் சொதசொதவென்று ஈரமாக இருந்தது. சளி மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. அழுகின மீன் வாடை. சீ! குடை நுனியால் தூக்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்தேன்.

"இன்னாம்மா இப்டி பண்ட்ட? போட்ட எடமாச்சே!" எதிரில் இருந்த பூக்கார அக்கா பதறினாள்.

"ஆளே வரலியேக்கா."

அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய்விட்டாள். நான் இடத்தைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

குரோம்பேட்டை தாண்டியது. மோட்டார் ஊ...ம் என்று ஏறியது. மேலே கைப்பிடிகள் எல்லாம் டக், டக் என்று ஆடின.

என் தலைக்கு மேல் இருந்தது மட்டும் ஆடவில்லை.

விறைத்து நின்றது. யாரோ முழு பாரத்தையும் போட்டுத் தொங்குவது போல. கிறீச்... கிறீச்...

அங்கே யாரும் இல்லை.

வண்டிக்கு மேலே ஓடும் கம்பியில் கரண்ட் இல்லாத இடம் ஒன்று வரும். பழைய வண்டியில் மோட்டாரும் ஃபேனும் சில நொடி நின்றுபோகும். தினமும் நடப்பதுதான். அன்றும் நின்றன.

சக்கரச் சத்தம் மட்டும்.

சொட்.

என் கழுத்தில். பிசுபிசுவென்று...

சொட்... அதே வாடை...

மூச்சு வாங்கும் சத்தம். ஓடி வந்த பெண்ணின் மூச்சு... என் முகத்துக்கு நேரே...

புஸ்ஸ்ஸ்! பிரேக் காற்று. ஃபேன் சுற்றியது.

குனிந்தேன்.

கர்சீப்.

என் வயிற்றின் மேல். நாலு மூலையும் இழுத்து, ஒழுங்காக விரித்து... வெதுவெதுப்பாக.

பல்லாவரத்தில் விழுந்தடித்து இறங்கி, பிளாட்பாரத்திலேயே வாந்தி எடுத்தேன். கர்சீப் எங்கே போனதென்று தெரியாது. அந்தச் சேலையை என் கணவர் காலேப் எரித்தே விட்டார். ஆனால் என் வயிற்றில் ஒரு சதுரம் மட்டும் காய்வதே இல்லை. சோப்பு போட்டாலும் பிசுபிசுப்பு போகவில்லை. டாக்டர் வியர்வை என்கிறார். என் உடம்பைத் தொட எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

போன வாரம் பூக்கார அக்காவைத் தாம்பரத்தில் பார்த்தேன். கேட்டுவிட்டேன்.

"போன வருசம் இதே பொட்டில, வண்டி நிக்கறதுக்குள்ள எடம் போட ஓடியாந்துச்சிம்மா ஒரு பொண்ணு. கர்சீப்ப எறிஞ்சிச்சி. கால் இடறி வண்டிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவுல பூட்ச்சி. கர்சீப் மட்டும் சீட்டுல கெடந்துச்சி."

என் வயிற்றையே பார்த்தாள்.

"மாசமா இருந்துச்சி. நிக்க முடியாமத்தான் ஓடியாந்துச்சி."

இப்போது எனக்கு எட்டாம் மாதம். குழந்தை நன்றாக உதைக்கிறது. உதைக்கும்போதெல்லாம் அந்தச் சதுரம் நனைகிறது.

உள்ளே இருப்பது யாருடைய பிள்ளை என்று எனக்குத் தெரியவில்லை.