படிக்கட்டுக்குக் கீழே நடந்த கூட்டம்

பதிவு அலுவலகத்துக்கு எதிரே, தகரக் கூரையின் கீழே சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ஊராருக்கு மனு அடித்துக் கொடுப்பவளை எல்லோரும் மனுக்காரி என்றே கூப்பிட்டார்கள். பத்தொன்பது வயதில் பஸ் கவிழ்ந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. ஒரு வருடம் அழுதாள். பிறகு தட்டச்சு படித்தாள். தமிழிலும் ஆங்கிலத்திலும் விரல் ஓடும். இப்போது நாற்பத்து மூன்று வயது. அரசாங்கக் கடித மொழி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

அவள் உட்காரும் நாற்காலி அண்ணன் செய்தது. சைக்கிள் கடைக்காரர். பழைய சைக்கிள்களைப் பிரித்து, பெரிய முன்சக்கரம் வைத்து, தங்கையின் இடுப்பளவுக்கு ஒட்டவைத்துக் கொடுத்திருந்தார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், வெளிநாட்டு உதவியாக நானூறு சக்கர நாற்காலிகள் கப்பலில் வந்தன. பளபளவென்று இருந்தன. மேடை போட்டுக் கொடுத்தார்கள். ஆனால் அவை ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துக்கென்று செய்தவை. முன்சக்கரம் உள்ளங்கை அகலந்தான். தெருவில் ஒரு கல் குறுக்கிட்டால் போதும், சக்கரம் நிற்கும், ஆள் மட்டும் முன்னால் போவார். அப்படி விழுந்துதான் ஒரு கணக்கு டீச்சருக்கு மணிக்கட்டு முறிந்து, ஆறு மாதம் கரும்பலகையில் எழுத முடியாமல் போயிற்று. டயர் பழுதானால் அந்த அளவில் எந்தக் கடையிலும் கிடையாது. பல வீடுகளில் நாற்காலி துணி காயப்போடும் கொடியாகிவிட்டது.

மனுக்காரி, சக்கர நாற்காலி பயன்படுத்துவோர் சங்கத்தின் செயலாளர். டீச்சர் விழுந்த மறுநாளே அண்ணனைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். தங்கள் ஊருக்கு வந்த அறுபத்தொன்றில் ஒன்பதுதான் ஓடின. மற்றவற்றில் எது எங்கே பழுது என்று தாளில் எழுதிக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் கடிதம் வந்தது. அதே நாட்டிலிருந்து இன்னும் அறுநூறு நாற்காலி வரப் போகிறது. அது பற்றி அரசும் பொது அமைப்புகளும் கலந்துபேசும் கூட்டம், மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் தலைமை அலுவலகத்தில், இரண்டாம் மாடியில்.

லிஃப்ட் இல்லாத கட்டடம். படிக்கட்டின் அடியில் பிரிவு அலுவலர் காத்திருந்தார்.

"கவலப்படாதீங்கம்மா. நாலு பேரைச் சொல்லி வச்சிருக்கேன், அப்படியே தூக்கிட்டுப் போயிடுவாங்க."

"வேண்டாம் சார். தூக்கிட்டுப் போனா, தூக்கினதுதான் ஃபோட்டோவுல வரும். நான் பேசினது வராது. கூட்டம் கீழ வரட்டும்."

"மேல எல்லாரும் உக்காந்தாச்சும்மா!"

"அவங்களுக்குக் கால் இருக்கு சார். இறங்கி வரலாம்."

கூட்டத்துக்குத் தாமதமாக வந்த வேறு சங்கத்துத் தலைவர் ஒருவர் குனிந்து, "கொஞ்சம் அனுசரிச்சுப் போங்களேன்," என்றார்.

கூட வந்திருந்த அண்ணன் தலையைச் சொறிந்தார். "சொல்லிப் பிரயோஜனம் இல்லீங்க. எங்க வீட்ல ஒத்தக்கால்ல நிக்கிறதுன்னா இவதான்."

மனுக்காரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் நாற்காலி நகரவில்லை. பிரேக்கைப் போட்டுவிட்டாள். முக்கால் மணி நேரம் அப்படியே போயிற்று. அவளுக்குப் பயமும் இருந்தது. மேலே அவளில்லாமலே பேசி முடித்து, 'அனைவரும் வரவேற்றனர்' என்று எழுதிவிட்டால்?

கடைசியில் படிகளில் காலடிச் சத்தம் கேட்டது. முதலில் இறங்கியது, நாற்காலி அனுப்பும் நாட்டின் சார்பில் வந்திருந்த வெளிநாட்டு அம்மாள். என்ன தாமதம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு தானே கிளம்பிவிட்டாராம். பின்னால் வேர்த்த முகத்தோடு துறை இயக்குநர், மொழிபெயர்ப்பாளர், மற்ற சங்கத்தார். வண்டி நிறுத்தும் கொட்டகையில் நாற்காலிகளைப் போட்டார்கள்.

மனுக்காரி தாளை விரித்துப் பேசினாள். டீச்சரின் மணிக்கட்டைச் சொன்னாள். அறுபத்தொன்றில் ஒன்பது என்றாள். மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில், உதவிக்கு மிகுந்த நன்றி என்றும் சிறு குறைகள் உண்டு என்றும் சொன்னார்.

"தம்பி, நன்றின்னு நான் இன்னும் சொல்லவே இல்லையே. சொல்ல வேண்டிய நேரத்துல நானே சொல்லுவேன். இப்போ டீச்சர் விழுந்ததச் சொல்லுங்க."

அவர் காது சிவக்க, சொன்னதைச் சொன்னார். வெளிநாட்டு அம்மாள் பேனாவை எடுத்தார்.

இயக்குநருக்குப் பொறுக்கவில்லை. "தானமாக் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சிப் பாக்கக் கூடாதும்மா."

"பல்லப் பாக்கல சார். ஏர்ல பூட்டினா நடக்குமான்னு பாக்கறேன்."

"நல்ல நாற்காலிதான். ஓட்டத் தெரியணும்." சொன்னவர், மாதிரிக்குக் கொண்டுவந்து வைத்திருந்த சக்கர நாற்காலியில் தாமே உட்கார்ந்து வாசலை நோக்கித் தள்ளினார். பத்தடி போனதும், சாக்கடை மூடியின் இடுக்கில் முன்சக்கரம் மாட்டிக்கொண்டது. பின்னால் இழுத்துப் பார்த்தார். நாற்காலி ஆடியது.

யாரோ சிரித்தார்கள். மனுக்காரி சிரிக்கவில்லை. பக்கத்தில் போனாள்.

"பின்னால சாயாதீங்க சார், கவுந்துடும். அப்படியே இருங்க. அண்ணே, முன்னால கொஞ்சம் தூக்கிவிடு."

இயக்குநர் எழுந்து சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் அந்தச் சக்கரத்தையே பார்த்தார். "தினமும் இப்படியா?" என்றார், தணிந்த குரலில்.

"வெளிய போறவங்களுக்கு தினமும். மத்தவங்க வெளியவே போறதில்ல சார்."

அதன்பிறகு பேச்சு வேறு தினுசில் நடந்தது. முன்சக்கரம் பெரிதாக வேண்டும், மூன்று அளவில் வேண்டும், இங்கே கிடைக்கும் சைக்கிள் டயர் பொருந்த வேண்டும் என்றாள். அண்ணன் தரையில் சாக்பீஸால் வரைந்தே காட்டினார். நடவடிக்கைக் குறிப்பில், 'கருத்துகள் பரிசீலிக்கப்படும்' என்று பிரிவு அலுவலர் எழுதப்போனபோது அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"இந்த வார்த்தையில முடியற காகிதத்த இருபது வருஷமாப் பாத்துட்டேன் சார். யாரு செய்வாங்க, எந்தத் தேதிக்குள்ளன்னு எழுதுங்க. அப்பத்தான் கையெழுத்து."

இயக்குநர் தம் பதவியையும் ஒரு தேதியையும் சொன்னார். அவள் இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்திட்டாள்.

எல்லாமே நினைத்தபடி நடந்துவிடவில்லை. இருநூறு நாற்காலிகள் அதற்குள் கப்பலேறிவிட்டன. அவற்றுக்கு அண்ணனும் இன்னும் நான்கு கடைக்காரர்களும் முன்சக்கரம் மாற்றினார்கள். மீதி நானூறும் கேட்டபடியே வரும் என்று எழுத்தில் உறுதி வந்தது, சொன்ன தேதிக்குப் பன்னிரண்டு நாள் தாமதமாக. அந்தப் பன்னிரண்டு நாளும் நாளுக்கொரு கடிதம் போட்டாள். பதில் வந்த அன்றுதான் வெளிநாட்டு அம்மாளுக்கு நன்றிக் கடிதம் அடித்தாள், நான்கே வரியில்.

அந்தப் பதிலிலேயே பயனாளிகளின் அளவுப் பட்டியலும் கேட்டிருந்தார்கள். அடுத்த வாரமே அளவு நாடாவோடு கிளம்பினாள். முதல் வீடு, பக்கவாதம் வந்து படுத்திருந்த ஒரு தையல்காரருடையது. நாடாவை இடுப்பருகே கொண்டுபோனதும் அவர் உரக்கச் சிரித்தார்.

"நாப்பது வருஷம் ஊருக்கே அளவெடுத்தவன்மா நான். எனக்கே அளவா?"

"ஆமாங்க. அசையாம இருங்க," என்றாள் மனுக்காரி. பென்சிலை எடுத்து எண்ணைக் குறித்துக்கொண்டாள்.