கொண்டலுக்கு வைத்த கப்பல்கள்

எங்கள் வீட்டில் அத்தையைக் கேட்டு யாரும் எதையும் செய்ததில்லை. நண்டைக் குழம்பு வைப்பதா, வறுப்பதா என்பதுகூட அம்மாவின் இஷ்டம்தான். மாமா உலாந்தா தேசத்து வெள்ளைக்காரர் கப்பலில் கடல் தாண்டிப் பத்தாவியாவுக்கு வேலைக்குப் போனதிலிருந்து அத்தை எங்கள் கோட்டைக்குப்பத்து வீட்டோடு இருந்தாள். நைனாவுக்குக் கூடப்பிறந்த அக்கா. இருந்தென்ன, புருஷன் ஊரில் இல்லாதவள் பேச்சு அம்பலம் ஏறுமா?

அப்படிப்பட்ட வீட்டுக்கு, வடக்கே வலை போடப் போயிருந்த நைனா ஒரு கோணி நிறையப் பீங்கான் பில்லைகளைச் சுமந்துகொண்டு வந்தார். உள்ளங்கை அகலச் சதுரங்கள். ஒவ்வொன்றிலும் வெள்ளையின்மேல் நீலமாக ஒரு கப்பல். வருகிற வழியில் உலாந்தாக்காரர் கோட்டையில் கொடுத்தார்களாம். படம் மேலே தெரிய அவரே நடுவீட்டில் பரப்பினார். மண் தரையில் பதிக்கப் போகிறாராம். அதோடு விட்டாரா?

"க்கா, எப்டி வெக்கணும்னு நீ சொல்லு. நீ சொல்றாப்புலதான்" என்றார்.

வலையைச் சரிபார்க்கும்போது யாராவது தும்மினாலே எரிந்து விழுகிற மனுஷன் அவர். அம்மாவும் அடுப்படிக்கு எழுந்து போய்விட்டாள். எனக்கோ வயிறு எரிந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்டால் குறைந்தா போய்விடுவார்கள்? யாரும் கேட்காமலே நான் கோலம் போடுகிற புத்தியில், கப்பல்களை ஜோடி ஜோடியாக மூஞ்சிக்கு மூஞ்சி பார்க்கும்படி அடுக்கினேன். அழகாகத்தான் இருந்தது. அத்தை சிரித்துவிட்டாள்.

"அடியே, கப்பலு பாயப் பாரு. ரெண்டுலயும் முன்னால புடைச்சிக்கினு கீது. இதுக்குக் கொண்டல், அதுக்குக் கச்சானா? ஒரே நேரத்துல ரெண்டு பக்கமும் காத்து அடிக்குமா?"

எங்கள் வாசல் கிழக்கே கடலைப் பார்த்தது. கொண்டல் கடலிலிருந்து கரைக்கு அடிக்கும். கச்சான் கரையிலிருந்து வெளியே தள்ளும். அத்தை குனிந்து ஒவ்வொன்றாக விரலால் நகர்த்தித் திருப்பினாள். எல்லாக் கப்பலும் வாசலுக்கு முதுகைக் காட்டி அடுப்பைப் பார்க்க வந்தன. நேர் வரிசையும் கூடாதாம். பின்னால் வருகிறவன் முன்னால் போகிறவனுடைய காற்றை மறைப்பானாம். அதனால் ஒரு வரிசையை அரைப் பில்லை தள்ளிவைத்தாள்.

"எல்லாம் ஊட்டுக்கு வர்ற கப்பலு. ஒண்ணுகூடப் போவக்கூடாது" என்றாள். நைனா கோணியை உதறி மடித்தார்.

மறுநாள் சுண்ணாம்பு குழைத்தாயிற்று. "நீ போக்கா, நானே பதிச்சிக்கிறேன்" என்றார் நைனா. அத்தை கேட்கவில்லை. சுண்ணாம்பு நன்றாகப் பிடிக்கவேண்டுமே என்று பில்லையைப் புரட்டி முதுகைத் துடைக்கப் போனாள். படகின் அடியில் ஒட்டுமே, அந்தப் பொடிச் சிப்பி அங்கே அப்பிக்கிடந்தது. இன்னொன்றைப் புரட்டினாள். அதிலும் அப்படியே.

"இது கோட்டையிலயா குடுத்தாங்க?"

"ஆமாக்கா" என்றார் நைனா, தரையைப் பார்த்துக்கொண்டே.

அத்தை கத்தியை எடுத்து ஒவ்வொரு சிப்பியாகச் சுரண்டினாள். சுரண்டச் சுரண்ட நைனாவிடம் நீட்டினாள். முந்தின நாள் சொன்னபடியே, ஒன்றுகூடத் திசை மாறாமல் பதித்து முடித்தார்கள். அந்த வீட்டில் நாங்கள் இருந்தவரை யாரும் கப்பலை மிதித்ததில்லை, சுற்றித்தான் போனோம்.

மாமா ஊர் திரும்பிய கப்பல் வடக்கே மணல்திட்டில் மோதி உடைந்துவிட்டதாம். ஒருத்தரும் பிழைக்கவில்லை. நைனா அந்தப் பில்லைகளை அங்கேதான் பொறுக்கினாராம். நான் பிள்ளை பெற்ற பிறகுதான் அம்மா இதைச் சொன்னாள். அக்காவின் பொட்டை அழிக்கிற சேதியைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லையாம். அத்தையும் கடைசிவரை பொட்டோடுதான் இருந்தாள், தம்பிக்காக. அவளுக்குத் தெரியாமலே போயிற்று என்றுதான் அம்மா இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மாமா எப்போது வந்தாலும் பசியோடுதான் வருவார் என்று அத்தை தினமும் ஒரு பிடி சோற்றைத் தனியே எடுத்து மூடிவைப்பாள். அதைத் தொட்டால் எனக்கு அடி விழும். பில்லை பதித்த அன்று சாயங்காலம் அந்தப் பிடிச் சோற்றை என் சட்டியில் போட்டாள்.

"இன்னா அத்த, மாமாவுக்கு?"

"இனிமே உனக்குத்தான். துன்னு கண்ணு."

எனக்கு ஒரே குஷி. ஒரு பருக்கை விடாமல் தின்றேன்.