சார்ஜன் தம்பி சொல்லிக்கொடுத்தபடி

போன் எடுப்பதுதான் என் தொழில். பினாங்கு ஜோர்ஜ்டவுனில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் முன்மேசைக்காரி நான். யாருக்கு எப்போது பல் பிடுங்க வேண்டும் என்று போனில் பேசிப் பேசியே தலை நரைத்துவிட்டது. குரலைக் கேட்டதும் ஆளை எடை போட்டுவிடுவேன் என்று ஒரு கர்வம் எனக்கு இருந்தது. இப்போது அது இல்லை.

சார்ஜன் தம்பியை நான் நேரில் பார்த்ததே கிடையாது. தெருப்பூனைகளுக்குச் சோறு போடுகிற தமிழர்களுக்கென்று போனில் ஒரு குழு இருக்கிறது. கேட்டால் சிரிப்பீர்கள். ஈப்போ, கிள்ளான், ஜோகூர் என்று எல்லா ஊரிலும் என்னைப் போன்ற கிறுக்குகள் இருக்கிறார்கள். நான் ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே மோட்டார் சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் போடுகிறவள். ஒரு நாள் அந்தக் குழுவில் புதிதாக ஒருவர் படம் அனுப்பினார். கோலாலம்பூரில் ஒரு போலீஸ் நிலையத்தின் பின்பக்கம். பறிமுதல் செய்த மோட்டார்கள் வரிசையாக நிற்கின்றன. அதில் ஒன்றின் கிழிந்த இருக்கைக்குள் கண் திறக்காத பூனைக்குட்டி. தாய் வரவில்லை, என்ன கொடுப்பது, யாராவது சொல்லுங்கள் என்று கீழே எழுதியிருந்தார்.

குழுவில் இருந்தவர்கள் ஐயோ பாவம் போட்டார்கள். ஐயோ பாவத்தைக் குடித்துக் குட்டி பிழைக்குமா? நான்தான் வரிசையாக உத்தரவு போட்டேன். பசும்பால் கொடுக்காதே, ஆட்டுப்பால் வாங்கு, சொட்டு மருந்துக் குழாயில் ஊட்டு, துணியில் சுற்றி வை. மறுமுனையில் இருப்பவர் ஒரு போலீஸ் சார்ஜன் என்று எனக்கு அப்போது தெரியாது. சொன்னதை அப்படியே செய்தார். குட்டி பிழைத்தது. அதற்கு ‘பாராங் கேஸ்’ என்று பெயர் வைத்தார். வழக்குச் சாமான் என்று அர்த்தம். பறிமுதல் வண்டிக்குள் இருந்ததால் அதுவும் வழக்குச் சாமான்தானாம்.

அன்றிலிருந்து நான் அவருக்கு அக்கா. அவர் எனக்கு சார்ஜன் தம்பி. டியூட்டி முடிந்து சட்டையை மாற்றும்போது குரல் பதிவு அனுப்புவார். நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்பேன். அவருக்கு அப்பா அம்மா இல்லை, கல்யாணமும் ஒத்துவரவில்லை. உறவென்று ஜோகூரில் ஓர் அண்ணன், அவரும் எப்போதாவதுதான் பேசுவார். எனக்கும் அண்ணனும் அண்ணியும்தான். நானும் தம்பியும் வாயாடிகள் என்பதால் பேச்சுக்குக் குறைவே இல்லை.

எங்கள் வீட்டில் போலீஸைப் பற்றி நல்ல வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அப்பா லாரி ஓட்டியவர். ரோட்டில் தடுப்பு போட்டிருந்தால், ஒரு தப்பும் செய்யாமலே அவருக்கு வியர்த்துவிடும். அந்தப் பயம் எங்களுக்கும் அப்படியே வந்துவிட்டது. அதைச் சார்ஜன் தம்பிதான் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்து எடுத்தார். திடீர் வெள்ளத்தில் முட்டி வரை தண்ணீரில் நின்றுகொண்டு கார்களைத் திருப்பி விடுவார். காரில் இருப்பவர்கள் கண்ணாடியை இறக்கித் திட்டிவிட்டுப் போவார்கள். “திட்டட்டும்லா அக்கா, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தா சரி” என்பார். அவ்வளவு பெரிய ஊரில் அத்தனை பேர் வாயில் விழுந்துவிட்டு வந்து, பூனைக்கு மீன் வேக வைக்கிற மனிதர்.

அவருக்கு மிகவும் கஷ்டமான வேலை எது என்று ஒருமுறை கேட்டேன். திருடனைத் துரத்துவது என்று சொல்வார் என்று நினைத்தேன். விபத்தில் செத்தவர் வீட்டுக்குப் போய்ச் சொல்வதுதான் என்றார். போனில் சொல்லவே மாட்டாராம். நேரில் போய், தொப்பியைக் கழற்றி, முதலில் அவர்களை உட்காரச் சொல்லிவிட்டுத்தான் வாயைத் திறப்பாராம். அதைக் கேட்டபிறகு எனக்கு அவர்மேல் மட்டுமல்ல, சந்தியில் நிற்கிற எந்தப் போலீஸ்காரர்மேலும் ஒரு மரியாதை வந்துவிட்டது.

அண்ணன் நம்பவில்லை. அவர் மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார், நாளெல்லாம் இரும்போடு பழகிப் பழகி மனிதர்களையும் தட்டிப் பார்த்துத்தான் சேர்ப்பார்.

“போலீஸாம், கோலாலம்பூராம். மூஞ்சக்கூடப் பாக்கல. நீ நல்லா ஏமாறப் போறே.”

“என்னை ஏமாத்த ஒருத்தன் பொறந்து வரணும்.”

“அப்படித்தான் எல்லாரும் சொல்லுவாங்க.”

அண்ணன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. போலீஸ் என்று சொல்லிப் போன் செய்து ஏமாற்றுகிற கும்பல் நாடு முழுக்க இருக்கிறது. எங்கள் கிளினிக்குக்கு வரும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அப்படித்தான் இருந்ததையெல்லாம் இழந்தார். அவருடைய கதையைச் சார்ஜன் தம்பியிடம் சொன்னபோது அவர் குரலே மாறிவிட்டது. “எங்க சட்டையப் போட்டுக்கிட்டுத் திருடறானுங்கக்கா. அழுதுகிட்டு வந்து ரிப்போர்ட் எழுதறவங்க முகத்தப் பாக்க முடியல.”

அதற்குப் பிறகு எனக்குப் பாடம் ஆரம்பித்தது. கேஎல் போலீஸ், அதாவது கோலாலம்பூர் போலீஸ் என்று யார் போன் செய்தாலும் நம்பக்கூடாது. பேச்சு வளர்க்கக்கூடாது. உடனே வைத்துவிட வேண்டும். சந்தேகம் இருந்தால் பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்கு நேரில் போய்க் கேட்க வேண்டும். பாடத்தோடு விட்டாரா? பரீட்சையும் வைத்தார். யார் யாருடைய நம்பரிலிருந்தோ அழைத்து, குரலைக் கட்டையாக்கி, “செலாமாட் பாகி புவான், சாயா டாரி பாலாய் போலிஸ், கோலாலம்பூர்” என்று மலாயில் அதிகாரி மாதிரி ஆரம்பிப்பார். காலை வணக்கம் அம்மா, பாலாயிலிருந்து, அதாவது போலீஸ் நிலையத்திலிருந்து பேசுகிறேன் என்று அர்த்தம். நான் முதல் தடவை பயந்துபோய் அடையாள அட்டை நம்பரையே சொல்லத் தொடங்கிவிட்டேன். மறுமுனையில் ஒரே சிரிப்பு. “ஃபெயில்லா அக்கா, ஃபெயில்.” பிறகு ரோஷம் வந்து நன்றாகத் தேறிவிட்டேன். பாலாய் என்ற சொல் காதில் விழுந்ததும் திட்டிவிட்டு வைத்துவிடுவேன். கொஞ்ச நேரத்தில் அவருடைய நம்பரிலிருந்து ‘பாஸ்’ என்று வரும்.

அன்று மத்தியானம் கிளினிக்கில் கூட்டம். நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று ஒரு பிள்ளை அலறிக்கொண்டிருந்தது. என் போனில் தெரியாத நம்பர்.

“செலாமாட் தெங்ஙா ஹாரி புவான், சாயா டாரி பாலாய்…”

வைத்துவிட்டேன். மறுபடியும் அடித்தது. மறுபடியும் வைத்தேன். மூன்றாவது தடவை அதே குரல் தமிழில் வந்தது.

“அக்கா, வைக்காதீங்க, ப்ளீஸ். நான் கேஎல் போலீஸ்தான். சார்ஜன் விஷயமா…”

ஓஹோ, இப்போது தமிழ் ஆளையும் வேலைக்கு வைத்துவிட்டார்களா என்றுதான் தோன்றியது. சார்ஜன் என்ற சொல் கேட்டதும் இரண்டு நினைப்பு வந்தது. ஒன்று, இது தம்பியே ஏற்பாடு செய்த பெரிய பரீட்சை. இல்லாவிட்டால், குழுவில் நாங்கள் பேசுவதைத் திருடிப் படித்த கும்பல். எதுவானாலும் பதில் ஒன்றுதானே.

“எங்க தம்பியே கேஎல்ல சார்ஜன்தான். அவர்கிட்ட சொல்லி உன்னத் தூக்கி உள்ள வைக்கச் சொல்லவா? ஒழுங்கா உழைச்சுச் சாப்பிடு, போ.”

காத்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு ஒரே பெருமை. அந்த நம்பரைத் தடை செய்தேன். அத்தோடு நின்றேனா? குழுவில் நம்பரைப் போட்டு, இவன் போலிப் போலீஸ், எல்லோரும் தடை செய்யுங்கள் என்று எழுதினேன். எல்லோரும் செய்தார்கள். பாராட்டு மழை. கடைசியில் சார்ஜன் தம்பிக்குத் தனியாக எழுதினேன். “தமிழ்ல வந்தும் ஏமாறல. மார்க் போடுங்க.”

பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அப்படி என்ன வேலை என்று நானும் பேசாமல் இருந்தேன். பூனைகளுக்குச் சோறு போடும்போது மட்டும் போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

சில நாள் கழித்து, காலை உணவு நேரத்தில், குழுவில் அவருடைய படம் மேலே வந்தது. வந்துவிட்டார் என்று அவசரமாகத் திறந்தேன். அவருடைய நம்பரிலிருந்து வேறு யாரோ எழுதியிருந்தார்கள். “நான் சார்ஜனுக்குக் கீழே வேலை செய்யும் கோப்ரல். நெடுஞ்சாலையில் விபத்து நடந்த இடத்தைச் சரிசெய்துகொண்டிருந்தபோது சார்ஜனை லாரி மோதிவிட்டது. மறுநாள் ஆஸ்பத்திரியில் காலமானார். பினாங்கு அக்காவுக்குத் தெரிவிக்க வேண்டும்.”

குழுவில் அழுகை ஆரம்பித்துவிட்டது. நான் விடவில்லை. யாரும் பதில் எழுதாதீர்கள், தம்பியின் கணக்கை எவனோ பிடித்துவிட்டான், உயிரோடு இருக்கிற மனிதனைச் செத்துவிட்டான் என்று சொல்லி அடுத்ததாகக் காசு கேட்பான் பாருங்கள் என்று எழுதினேன். எழுத்தெல்லாம் தப்பும் தவறுமாகப் போனது. அண்ணன் எதிரே ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு என் போனை வாங்கிப் படித்தார். எல்லோரையும் சந்தேகப்படுகிறவர், அன்று வெகுநேரம் படித்தார்.

“காசு ஒண்ணும் கேக்கலையேம்மா” என்றார்.

மோட்டார் சாவியை எடுத்தார். தம்பி சொன்னபடியே நேரில் போய்க் கேட்டுவிடுவது என்று பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்குப் போனோம்.

முகப்பில் ஒரு மலாய்க்காரப் பெண் போலீஸ் இருந்தார், வயது முப்பதுகூட இருக்காது. நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். சார்ஜனுடைய பெயரையும் நிலையத்தையும் குறித்துக்கொண்டு, மலாயில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவருக்கு நீங்கள் என்ன உறவு?

என்ன உறவு என்று சொல்வது? அக்கா என்றால் பொய். ஒரே குழுவில் இருக்கிறோம் என்றால் என்ன அர்த்தம்? பூனைக்குட்டி கதையை எங்கிருந்து ஆரம்பிப்பது? “காவான்” என்றேன். சிநேகிதி. அந்தச் சொல் அவ்வளவு சின்னதாக எனக்கு அதுவரை தெரிந்ததில்லை. உறவுக்காரியாக இருந்திருந்தால் யாராவது என் வீட்டுக் கதவைத் தட்டியிருப்பார்கள்.

அவர் உள்ளே போய்ப் பேசினார். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தவர் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்காமல் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார். தொப்பியைக் கழற்றினார். உட்காருங்கள் என்றார்.

எனக்குத் தெரிந்துவிட்டது. அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் உட்காரவில்லை.

அந்தப் பெண்ணே கோப்ரலின் நம்பரை அழுத்தி என் கையில் கொடுத்தார். முதல் சொல்லிலேயே குரலை அடையாளம் தெரிந்தது. ஒழுங்காக உழைத்துச் சாப்பிடு என்று நான் சொன்ன அதே குரல். அவர் கோபப்படவில்லை. அழக்கூடாது என்று பார்த்துப் பார்த்துப் பேசினார்.

“சார்ஜன் போன் லாரிக்கு அடியில போயிடுச்சுக்கா; சிம் அப்புறந்தான் கெடச்சுச்சு, அதுலருந்துதான் குழுவுல எழுதினேன். அன்னிக்கு ஆஸ்பத்திரியில உங்க நம்பர மட்டும் மனப்பாடமா சொன்னார். வண்டி நம்பரெல்லாம் அப்படித்தானே ஞாபகம் வச்சிருப்பார். அவரோட அண்ணன் ஜோகூர்லருந்து வந்துகிட்டிருந்தார். அவர் வர்றவரைக்கும் உங்களோட பேசணும்னு கேட்டார்.”

“என்ன சொல்லணும்னு கேட்டார்?”

“ஒண்ணும் சொல்லணும்னு இல்லக்கா. சும்மா பேசணும்னார்.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அவரே சொன்னார்.

“நீங்க திட்டிட்டு வச்சதும் அவர்கிட்ட சொன்னேன். அந்த வலியிலயும் சிரிச்சார். ‘பாத்தியா, எங்க அக்காவ எவனும் ஏமாத்த முடியாது’ன்னார். நர்ஸ்கிட்டகூடச் சொல்லிக்கிட்டார்.”

“வேற நம்பர்லருந்து இன்னொரு தடவை அடிச்சிருக்கலாமே, தம்பி.”

“அடிக்கறேன்னுதான் சொன்னேன். அவர்தான் வேணாம்னுட்டார். ‘இன்னிக்கு எடுத்துப் பேசிட்டா, நாளைக்குத் திருடன் போன் பண்ணாலும் நம்பிடுவாங்க. விட்டுடுலா’ன்னார்.”

அவர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பாராங் கேஸைத் தானே வளர்ப்பதாகச் சொன்னார் என்று, பக்கத்தில் நின்று கேட்ட அண்ணன் பிறகு சொல்லித்தான் தெரியும். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. அந்த நிலைமையிலும் அவர் எனக்குக் காவல் நின்றிருக்கிறார். எனக்கு அந்தக் காவல் வேண்டாம். எந்தத் திருடன் என்னை ஏமாற்றி எதைப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தாலும் பரவாயில்லை. அன்றைக்கு அவர் என்னோடு சும்மா பேசியிருக்க வேண்டும்.