ஆயுத பூஜைக்கு மறுநாள் ஒரு கேஸ் லீக்

ஆயுத பூஜை பிடிக்காது என்று நான் சொன்னால் என் மனைவி சண்டைக்கு வருவாள். பூஜையின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அதற்கு முந்தின நாள் ஊரே கிளம்பி மெஷின்களைத் தேய்த்துக் கழுவுகிறதே, அதன் மேல்தான் கோபம். திண்டிவனத்தில் ஏ.சி., ஃப்ரிட்ஜ், பால் குளிர வைக்கும் மெஷின் என்று ரிப்பேர் பார்த்துப் பிழைப்பவன் நான். எங்களுக்கு அழுக்குதான் துப்பு. குழாயில் எங்கேயாவது கேஸ் கசிந்தால் கூடவே கம்ப்ரசர் ஆயிலும் கொஞ்சம் கசியும். அந்த ஈரத்தில் தூசி ஒட்டிக் கறுப்பாக நிற்கும். கறையைப் பார்த்தே இடத்தைச் சொல்லிவிடலாம்.

ஒரு வருஷம் பூஜைக்கு மறுநாள் காலையிலேயே கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்து ஊரிலிருந்து போன் வந்தது. அங்கே பால் சென்டரைப் பார்த்துக்கொள்ளும் அக்கா பேசினார். மெஷினில் பால் குளிரவில்லையாம். காலைப் பாலை எப்படியோ டேங்கரில் ஏற்றி அனுப்பிவிட்டார். சாயங்காலப் பால் வருவதற்குள் சரிசெய்தாக வேண்டும். முன்பு ஒருமுறை இப்படி ஆனபோது பால் மொத்தமும் கெட்டுப்போய்க் கால்வாயில் கொட்ட வேண்டியதாயிற்று. பால் ஊற்றியவர்களின் வீடு வீடாகப் போய் அதைச் சொன்னவர் அவர்தான்.

"இன்னொரு வாட்டி அந்த வாசப்படிங்கள்ல என்னால ஏற முடியாது தம்பி. ஜல்தி வா" என்றார்.

போய்ப் பார்த்தால் மெஷினுக்கு மாலை, இரண்டு பக்கமும் வாழைக்கன்று, நட்டுக்கு நட்டு சந்தனம் குங்குமம். குழாய்களை ஷாம்பு போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்திருந்தார்கள். மருந்துக்கும் ஒரு கறை இல்லை. கேஸின் அழுத்தத்தைக் காட்டும் கேஜை மாட்டினேன். அறுபதை ஒட்டி நிற்க வேண்டிய முள் இருபதைத் தாண்ட மறுத்தது. கேஸை மட்டும் ரொப்பிவிட்டுப் போகச் சொன்னார் அக்கா. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்ற நான் வரவில்லை என்றேன்.

கசிவைக் கண்டுபிடிக்கும் கருவியை எடுத்து நீட்டினேன். மெஷின் ஓடட்டும் என்று அக்கா அன்று காலையிலும் ஒரு கத்தை ஊதுபத்தி கொளுத்தி, ரூம் ஸ்ப்ரேவும் அடித்திருந்தார். கருவிக்குத் தலைகால் புரியவில்லை. கம்ப்ரசரைப் பார்த்துக் கத்தியது, சுவரில் இருந்த சாமி படத்தைப் பார்த்தும் கத்தியது. அணைத்துப் பைக்குள் போட்டேன்.

சோப்புத் தண்ணீர்தான் கதி. பிரஷ்ஷால் ஒவ்வொரு இணைப்பாகத் தடவிக்கொண்டே வந்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. மதியம் தாண்டியது. எனக்குக் கோபம் தலைக்கேற, இப்படி யாராவது வழித்துத் துடைத்து வைப்பார்களா என்று சத்தம் போட்டேன். சுத்தமாக வைத்திருப்பது ஒரு குற்றமா என்று அவரும் விடவில்லை. பிறகு குரல் இறங்கியது.

"பேஜாரா கீது தம்பி. நேத்து பொட்டு வைக்கிறப்பவே அதோ அந்த நட்டு அடம் புடிச்சிது. மூணு வாட்டி வச்சேன், வழுக்கிக்கினே போச்சி."

திரும்பிப் பார்த்தேன். மற்ற பொட்டெல்லாம் மஞ்சளாகக் காய்ந்திருக்க, அது மட்டும் பஜ்ஜி வைத்த பேப்பர் மாதிரி ஓரமெல்லாம் எண்ணெய் ஊறிக் கிடந்தது. உண்மையைச் சொன்னால், என் பிரஷ் எல்லாப் பொட்டையும் சுற்றிச் சுற்றித்தான் போயிருந்தது. பூஜைக்கு மறுநாள் பொட்டை அழிக்க யாருக்கு மனசு வரும்? அவரையே துடைக்கச் சொன்னேன். கன்னத்தில் போட்டுக்கொண்டு கட்டைவிரலால் வழித்தெடுத்தார். நான் சோப்பைத் தடவியதும் நுரை பொங்கிக்கொண்டு வந்தது. அப்போது எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

நட்டைக் கழற்றினால் செம்புக் குழாயின் வாய் விரிந்த இடத்தில் மயிரிழை விரிசல். அதை வெட்டி, புதிதாக வாய் விரித்து முடுக்கி, உள்ளே இருந்த காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுக் கேஸ் ஏற்றினேன். அதற்குள் வாசலில் பால் கேன்கள் வர ஆரம்பித்துவிட்டன. அக்கா பாலை அளந்து ஊற்றிக்கொண்டே கேஜைப் பார்த்தார். முள் மெதுவாக அறுபதுக்கு வந்தது. பாலின் சூடு இறங்கிக்கொண்டே போய் நாலு டிகிரியில் நின்றது. பால் ஊற்ற வந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது, பேசிக்கொண்டே கலைந்து போனார்கள்.

கடைசி ஆளும் போன பிறகு அக்கா காலிக் கேனைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"காலைலருந்து பச்சத்தண்ணி குடிக்கல தம்பி. இப்பதான் பசிக்கிது."

பாதி கொடுக்கலாம் என்று என் டிபன் பாக்ஸை நீட்டினேன். மொத்தத்தையும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் நிமிர்ந்தார்.